முடுக்காமல் விட்ட மேல் போல்ட்

5 ஜனவரி 2025, ஞாயிறு

இன்று மாலை வீட்டில் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர், நான், சண்முகம் அண்ணன், விஜயன், விஜயன் மனைவி சுதா. ஐந்து பேர். வேறு யாரும் இல்லை. நாளைக்கு ஆளுக்கொரு விதமாகச் சொல்லக்கூடும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

கூட்டியவர் சண்முகம் அண்ணன். ஹேவ்லாக் தீவில் இருக்கும் ரிசார்ட்டுகளுக்கு வேலையாள் ஏற்பாடு செய்யும் காண்டிராக்டர். அங்கே வாடகைக்கு விடும் ஸ்கூட்டர்களைப் பழுது பார்க்கும் வேலையை விஜயனுக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். கார்த்திகை தீபத்தன்று நாங்கள் கோயிலுக்குப் போகும் வழியில், மேடு ஏறும்போது எங்கள் பழைய மேட்ச்லெஸ் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் பூட்டுப் போட்டது போல நின்றது. ஓட்டிய என் வீட்டுக்காரருக்கு வலது மணிக்கட்டு இரண்டாக ஒடிந்தது. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டும். முருகன் என்னைத் தாங்கிவிட்டு அவரை ஏன் விட்டான் என்று கேட்டு முடியவில்லை.

செப்டம்பரில் கியர் பாக்ஸை இறக்கி ஏற்றியவர் விஜயன். மேல் போல்ட்டை அவர் சரியாக முடுக்கவில்லை, அதனால் கியர் பாக்ஸ் பின்னால் நகர்ந்து செயினை இறுக்கிவிட்டது என்று இவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். துறைமுகப் பட்டறையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர் சொன்னால் யார் மறுப்பார்கள்?

விஜயன் தலை நிமிரவே இல்லை. "அண்ணே, நான் முடுக்கி மஞ்சக் கோடு போட்டுத்தான் குடுத்தேன். கோடு போடாம ஒரு நட்டையும் நான் விட்டதில்ல. உங்களுக்கே தெரியும்."

அது உண்மை. நட்டை முழுக்க முடுக்கிய பிறகு நட்டுக்கும் போல்ட்டுக்கும் சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பது அவர் பழக்கம். நட்டு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக் கொடுக்கும்.

இவர் சிரித்தார். "கோடு போட்டா ஆச்சா? பெயிண்டு எவன் வேணாலும் அடிப்பான். சுவத்துக்கு அடிக்கப் போயிருக்கலாம் நீ."

சண்முகம் அண்ணன் சமாதானமாக ஏதேதோ பேசிப் பார்த்தார். கடைசியில் ரிசார்ட்காரர்கள் பயப்படுகிறார்கள், ஸ்கூட்டர் வேலையை இப்போதைக்கு வேறு ஆளுக்குக் கொடுத்திருக்கிறேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். சுதா டீயைத் தொடவில்லை. ஆடை படிந்து அப்படியே இருந்தது. போகும்போது என்னிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. இந்தத் தீவில் எனக்குக் கூடப் பிறந்தவள் மாதிரி இருப்பவள் அவள் ஒருத்திதான்.

செலவு: பால், இஞ்சி, மிக்சர். மிக்சரை யாரும் எடுக்கவில்லை. திரும்ப டப்பாவில் போட்டேன்.

8 ஜனவரி

சுதா போனை எடுக்கவில்லை.

11 ஜனவரி, சனி

வண்டியைப் பிரிக்க வேண்டும் என்கிறார். கட்டுப் போட்ட கையோடு எப்படி? ஹேடோவில் பட்டறை வைத்திருக்கும் நாகராஜ் தானே வந்து பார்த்துத் தருவதாகச் சொல்லி வாசல் வரை வந்தார். இவர் உள்ளேயே விடவில்லை. கண்டவன் கை வைத்ததால்தான் இந்த நிலைமை என்று அவர் காதுபடவே சொன்னார். பாவம், செருப்பைக் கழற்றியவர் திரும்ப மாட்டிக்கொண்டு போனார்.

பிறகு இவர் என்னைக் கூப்பிட்டார். "செல்லம், நீயே செய். நான் பக்கத்துல உக்காந்து சொல்றேன். உன் கை போதும்."

எனக்குள் ஒரு பெருமை வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள் நான். இங்கே வந்த புதிதில் இந்த வண்டியின் புத்தகத்தை வைத்துக்கொண்டுதான், அகராதியைப் புரட்டிப் புரட்டி, இங்கிலீஷ் எழுத்துக் கூட்டினேன். கியர் பாக்ஸ் என்ற சொல்லை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் ஸ்பானர் பிடித்ததில்லை.

14 ஜனவரி, பொங்கல்

ஒவ்வொரு வருஷமும் சுதா வீட்டுப் பானையும் எங்கள் பானையும் ஒரே அடுப்பு வரிசையில் வைப்போம். இந்த வருஷம் ஒரு பானை. பொங்கியது. குலவை போட எனக்கு வாய் வரவில்லை. அவர், "ஏன் சும்மா நிக்கிற?" என்றார்.

18 ஜனவரி, சனி

இன்றுதான் கியர் பாக்ஸ் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்தேன்.

எஞ்சினுக்குப் பின்னால் இரண்டு இரும்புத் தகடுகள். அவற்றுக்கு நடுவே கியர் பாக்ஸ். அடியில் ஒரு போல்ட். அதில்தான் அது ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடும். மேலே இன்னொரு போல்ட். அந்த மேல் போல்ட்டுக்குத் தகட்டில் நீளவாட்டத் துளை. எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் முன்செயின் தளர்ந்தால் மேல் போல்ட்டை இளக்கி, பக்கத்தில் இருக்கும் சின்னக் கம்பியின் நட்டைத் திருகி, கியர் பாக்ஸைக் கொஞ்சம் பின்னால் இழுக்க வேண்டும். பிறகு மேல் போல்ட்டை முடுக்கினால் தகடு இரண்டும் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால், வண்டி மேடு ஏறும்போது பின்செயின் இழுக்கிற இழுப்பில் கியர் பாக்ஸ் தானே பின்னால் போகும். முன்செயின் கம்பி போல விறைத்துக்கொள்ளும். எங்களுக்கு நடந்தது அதுதான். கம்பி வளைந்து கிடக்கிறது. தகட்டில் போல்ட் தலை உராய்ந்த இடம் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது.

எல்லாம் கழன்றது. மேல் போல்ட்டின் நட்டு மட்டும் வரவில்லை. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ஸ்பானரில் குழாய் சொருகி, காலை ஊன்றி இழுத்தேன். ம்ஹூம். "துரு," என்றார் அவர். "துருப் பிடிச்சு இறுகிருச்சு. அறுத்துரு."

ஹேக்ஸா பிளேடால் அறுத்தேன். அறுக்க அறுக்க இவர் ஏதோ கோயில் பிரகாரத்தைச் சுற்றுவது போல வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மதியச் சாப்பாடு எடுத்து வைக்க மறந்துவிட்டேன். அவரும் கேட்கவில்லை.

செலவு: ஹேக்ஸா பிளேடு இரண்டு. ஒன்று உடைந்தது. மண்ணெண்ணெய், பழைய வேட்டித் துணி.

19 ஜனவரி

தோள்பட்டை இரண்டும் விண்விண் என்கிறது. விளக்கேற்றும்போது தீக்குச்சி கையில் நிற்கவில்லை.

25 ஜனவரி

அவர் கையின் கட்டை நேற்று அவிழ்த்தார்கள். கை வாழைத்தண்டு மாதிரி வெளுத்து, மெலிந்து போயிருக்கிறது. இரண்டு விரலில் பிடியே இல்லை. ஸ்பானரைக் கையில் வைத்துப் பார்த்தார். நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். எடுக்காதே என்றார். அங்கேயே கிடக்கிறது.

26 ஜனவரி, ஞாயிறு

மனசு சரியில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உதிரிகளைக் கழுவி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். வாஷர் ஒன்று எண்ணெய்த் தட்டில் விழுந்து கண்ணில் படவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் முருகன் படம் காந்தம்தானே. மன்னித்துக்கொள் அப்பா என்று சொல்லி, படத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, தட்டுக்குள் துழாவினேன். வாஷர் ஒட்டிக்கொண்டு வந்தது. அடி போல்ட், சின்ன நட்டுகள், வளைந்த கம்பி எல்லாம் ஓடி வந்து ஒட்டின. அறுத்த மேல் போல்ட் மட்டும் ஒட்டவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தேன். ஒட்டவே இல்லை.

பாத்திரக் கடையில் நான் காந்தம் வைத்துத்தான் வாங்குவேன். ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர்.

இது எவர்சில்வர் போல்ட். இங்கே படகுக்காரர்கள் போடுவது. உப்புக் காற்றுக்கு இரும்பு நிற்காது என்று கேட், ஜன்னல், சைக்கிள் என்று எதற்கும் ஆட்கள் அதைத்தான் தேடிப் போவார்கள். கடைக்காரரும் நாம் கேட்பதற்கு முன்னால் "ஸ்டீல் லேலோ, ஜங் நஹி லகேகா" என்று அதையே எடுத்துப் போடுவார். துருவே பிடிக்காது என்று.

துருவே பிடிக்காது. அப்படியானால் இது எப்படித் துருப் பிடித்து இறுகும்? அறுத்த முகத்தைப் பார்த்தேன். ஒரு பொட்டுத் துரு இல்லை. நட்டின் திருகு மரையும் போல்ட்டின் மரையும் ஒன்றையொன்று கடித்துப் பிய்த்த மாதிரி இருந்தன.

விஜயன் எவர்சில்வர் போட மாட்டார். வண்டிக்கு இரும்பு போல்ட்தான் வேண்டும் என்று சண்டை போடுகிற ஆள். அப்படியென்றால் இதைப் போட்டது யார்?

27 ஜனவரி

அவர் எதையும் எறிய மாட்டார். கழற்றிய ஆணி முதற்கொண்டு பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். அவர் குளிக்கப் போனபோது டப்பாவைக் கொட்டினேன்.

இருந்தது. கறுப்பு இரும்பு போல்ட். தலையில் லேசான துரு. நட்டைக் கையாலேயே மாட்டி வைத்திருந்தார். போல்ட் நுனியில் பாதி மஞ்சள் கோடு, நட்டில் மீதிப் பாதி.

ஆயுத பூஜை ஞாபகம் வருகிறது. முந்தின நாள் முழுக்க வண்டியைத் துடைத்தார். சந்தனம் வைக்கும் இடத்தில் துரு இருக்கிறதே என்று அலுத்துக்கொண்டார். பிறகு கடைக்குப் போய் வந்தார். நான் குங்குமத்தைக் குழைத்துக்கொண்டிருந்தேன். "இப்ப வை பொட்டு," என்றார். பளபளவென்று இருந்தது. நான்தான் வைத்தேன்.

நாகராஜை உள்ளே விடாதது இதற்குத்தானா? ஒரு மெக்கானிக் பார்த்திருந்தால் பார்த்தவுடனே சொல்லியிருப்பார். எனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் என்னை உட்கார வைத்தாரா? உன் கை போதும் என்றாரே. அந்தப் பெருமையை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

28 ஜனவரி

கேட்டுவிட்டேன். இரண்டு போல்ட்டையும் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் பார்த்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். இடது கையால்.

"இது எப்படி வந்துச்சு?" என்றேன்.

"உனக்கென்ன தெரியும்?"

"தெரியாதுன்னுதான கூப்பிட்டீங்க."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். சாதம் தரையெல்லாம். பெருக்கினேன். எனக்கு அழுகை வரவில்லை. கோபமா, பயமா, என்னவோ. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் இவர் ஒரு பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. பார்க்காமல் இருந்தேனோ என்னமோ.

30 ஜனவரி

பேச்சு இல்லை. சாப்பிடுகிறார். போகிறார். வருகிறார்.

1 பிப்ரவரி, சனி

எங்கள் இட்லித் தட்டை சுதா பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். புளி போட்டுத் தேய்த்து, புதுசு மாதிரி. கூட வேறெதுவும் இல்லை. எட்டாம் தேதிக் கப்பலில் குடும்பத்தோடு மெயின்லேண்டுக்குப் போகிறார்களாம், சாமானெல்லாம் கட்டியாயிற்றாம். அந்தப் பையன்தான் சொன்னான். இங்கே வேலை கொடுப்பார் இல்லை. திருப்பூர் பக்கம் விஜயனுக்கு மச்சான் ஒருவர் இருக்கிறார்.

அவரிடம் சொன்னேன். "போகட்டும்," என்றார். பிறகு அடுக்களை வாசல் வரை வந்து நின்றார். ஏதோ சொல்லப் போகிறார் என்று அடுப்பைக்கூட அணைத்தேன். தண்ணீர் கேட்டார்.

நானே சண்முகம் அண்ணனிடம் போய்ச் சொல்லிவிடலாம். எழுந்து புடவைகூட மாற்றினேன். நான் சொன்னால், பெண்டாட்டியே புருஷனைக் காட்டிக் கொடுத்தாள் என்று அந்தப் பேச்சுதான் ஊரைச் சுற்றும். விஜயன் பெயர் அதில் கழுவப்படுமா? அவர் வாயால் கெட்டது அவர் வாயால்தான் சரியாக வேண்டும். இப்படி நினைப்பது நியாயமா, இல்லை எனக்குத் தைரியம் இல்லாததற்கு ஒரு சாக்கா? முருகா, எனக்குப் பிடிபடவில்லை.

4 பிப்ரவரி, செவ்வாய்

பிரித்த வண்டியைத் திரும்பப் பூட்டினேன். அவர் கேட்கவில்லை, நானாகச் செய்தேன். பட்டறையில் இருந்த காலத்தில் அவரே கடைந்து வைத்த மாற்றுக் கம்பி ஒன்று இருந்தது. வளைந்ததை எடுத்துவிட்டு அதைப் போட்டேன். அடி போல்ட்டில் கியர் பாக்ஸ் நன்றாக ஆடுகிறது. செயின் கவசத்தின் மூடியைத் திறந்து, விரலை விட்டு, செயின் மேலும் கீழும் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்துப் பார்த்துக் கம்பி நட்டைத் திருகினேன். எஞ்சினை ஒவ்வொரு சுற்றுச் சுற்றி வேறு வேறு இடத்தில் பார்க்க வேண்டும், மிக இறுக்கமான இடத்தில்தான் அளவு வைக்க வேண்டும். அது புத்தகத்தில் இருக்கிறது. இவர் கட்டிலில் இருந்தபடியே, "ரொம்ப இறுக்காத," என்றார். ஒரு வாரத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

மேல் துளையில் விஜயனின் இரும்பு போல்ட்டைச் சொருகினேன். நட்டைக் கையால் மாட்டினேன். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்ட?"

"நீங்க சண்முகம் அண்ணன்கிட்ட சொல்லுங்க. அப்புறம் முடுக்குறேன்."

"செல்லம்."

"உங்க கையில பிடி இல்ல. என் கைதான். சொல்லுங்க, முடுக்குறேன்."

இப்படி நான் பேசினேன். நான்தான் பேசினேன்.

7 பிப்ரவரி

வண்டி அப்படியே நிற்கிறது. போகிற வருகிறபோது அவர் அதைத் தொட்டுப் பார்க்கிறார். கியர் பாக்ஸ் லேசாக ஆடுகிற சத்தம் அடுக்களை வரை கேட்கிறது.

8 பிப்ரவரி, சனி

ஹேடோ கப்பல் துறைக்குப் போனேன். தனியாக, பஸ்ஸில். அவர் வாய் திறக்கப் போவதில்லை என்று தெரிந்தபோது, என் வாயாவது திறக்கட்டும் என்று கிளம்பிவிட்டேன். சுதா கையில் வைத்து, இது உன் வீட்டுக்காரர் போட்டது இல்லை என்று சொல்வதற்காக அறுத்த எவர்சில்வர் போல்ட்டைப் பையில் எடுத்துக்கொண்டேன்.

டிக்கெட் இல்லாமல் கேட்டுக்குள் விடவில்லை. செக்யூரிட்டிக்காரர் பையைத் திறந்து பார்த்து, "யே க்யா ஹை, மாதாஜி?" என்றார். இது என்னவென்று எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த ஹிந்தியில், என் தங்கையின் சாமான், கப்பலில் போகிறாள், கொடுக்க வேண்டும் என்றேன். இத்தனை சின்ன இரும்பைக் கொடுக்கவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று சிரித்தார். நல்ல மனிதர், நிழலில் நிற்கச் சொன்னார். பயணிகள் எல்லோரும் காலையிலேயே ஏறிவிட்டார்களாம்.

கப்பல் மேல்தட்டில் ஆட்கள் எறும்பு மாதிரி தெரிந்தார்கள். எந்தப் புடவை சுதாவுடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கை காட்டினேன். யாருக்கோ காட்டினேன். யாரோ திருப்பிக் காட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார். "போய்ட்டாங்களா?"

தலையாட்டினேன். இரவு சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார்.

செலவு: பஸ். தேங்காய், கற்பூரம் வாங்கினேன், கோயிலில் இறங்கவில்லை. அப்படியே இருக்கிறது.

10 பிப்ரவரி, திங்கள்

இன்று வீட்டில் இருந்தவர்கள்: அவர், நான், சண்முகம் அண்ணன். மூன்று பேர்.

அவரே போன் செய்து வரச் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியாது. நான் டீ கொண்டு போனபோது இரண்டு பேரும் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். அவர் சண்முகம் அண்ணன் முகத்தைப் பார்க்காமல், கியர் பாக்ஸைப் பார்த்துச் சொன்னார்.

"எவர்சில்வர் நட்டு எவர்சில்வர் போல்ட்டோட கடிச்சுக்கும். கைக்கு இறுகிட்ட மாதிரி இருக்கும். தகடு இறுகியிருக்காது. பட்டறையில சேர்ந்த மூணாம் மாசம் சொல்லிக் குடுப்பாங்க. பூஜைக்கு நேரமாச்சு, அப்புறம் மாத்திக்கலாம்னு விட்டேன். மறந்துட்டேன். ரோட்டுல கெடந்தப்பவே தெரியும் எனக்கு. விஜயன் போட்டது இதோ இதுல இருக்கு."

சண்முகம் அண்ணன் குனிந்து அந்த போல்ட்டைப் பார்த்தார். பிறகு, "முந்தாநாள் சொல்லிருக்கலாமேய்யா," என்றார். அவ்வளவுதான். ரிசார்ட்டில் பேசுகிறேன், ஆனால் வந்த புது ஆளை இப்போது எப்படிப் போகச் சொல்வது, பார்க்கலாம் என்றார். டீயைக் குடிக்காமல் போய்விட்டார். அவர் வைத்துவிட்டுப் போன டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது, இவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். முதுகு குலுங்கியது. பக்கத்தில் போகவா வேண்டாமா என்று தெரியாமல் டம்ளரோடு நின்றேன்.

11 பிப்ரவரி, தைப்பூசம்

காலையில் கோயிலுக்கு நடந்தே போனோம். கூட்டத்தில் அவர் வலது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். விபூதியை இடது கையில் வாங்கினார்.

வந்ததும் ஸ்பானரை எடுத்தேன். அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். முடுக்கினேன். இன்னும் என்றார். முடுக்கினேன். குழாயைச் சொருகி, முழு உடம்பையும் கொடுத்தேன். அதற்கு மேல் போகவில்லை. வண்டியை ஆட்டிப் பார்த்தார். கியர் பாக்ஸ் அசையவில்லை.

பிறகுதான் இருவரும் பார்த்தோம். போல்ட்டில் இருந்த பாதி மஞ்சளும் நட்டில் இருந்த பாதி மஞ்சளும் நேருக்கு நேர் வந்து நின்று ஒரே கோடாகியிருந்தன. விஜயன் எந்த இடத்தில் விட்டாரோ அதே இடம். அவர் அந்தக் கோட்டின் மேல் கட்டை விரலை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

"போனை எடு. என்னால அடிக்க முடியாது. நான் சொல்றேன், நீ எழுது," என்றார். விஜயன் நம்பர் அணைத்திருக்கிறது. சுதா நம்பருக்கு அனுப்பினேன். கீழே இருப்பது அப்படியே:

விஜயா, போல்ட்டை மாத்துனது நான். உன் மேல தப்பு இல்ல. நேத்து சண்முகத்துக்கிட்ட சொல்லிட்டேன். ஹேடோ பட்டறையில எல்லார்க்கிட்டயும் நானே போய்ச் சொல்லுவேன். நீ முடுக்குனது சரியாத்தான் இருந்துச்சு. சொக்கலிங்கம்.

அதோடு அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அனுப்பிய செய்திக்குப் பக்கத்தில் ஒரே ஒரு டிக். கப்பல் இன்னும் கரை சேரவில்லை, நடுக்கடலில் சிக்னல் இருக்காது. அதனால்தானா? இல்லை, என் நம்பரையே தடுத்து வைத்திருக்கிறாளா? அதற்கும் ஒரே டிக்தானாம். பிறகு நானாக இன்னொன்று எழுதி அனுப்பினேன்:

சுதா, இட்லித் தட்டு வந்தது. கரை இறங்கியதும் எனக்கு ஒரு வரி பதில் போடு. சீக்கிரம் போடு.